பாதி பாட்டில்

கோயம்புத்தூர்
புரட்டாசி முதல் சனி

மக்கா சேவியர்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. மூன்று பக்கம் ஊர்க்கதை, கடைசி நாலு வரியில் காரியம். ஹாஸ்டலில் ஐந்து ரூபாய் கடன் கேட்கும்போதும் நீ இப்படித்தான் சுற்றி வளைப்பாய். போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் பேச ஆரம்பித்ததும் "சரிலே, சரிலே" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன், உட்கார்ந்து படி.

இங்கே எல்லோரும் சுகம். எனக்கு இடது முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முனகுகிறது. பேரன் நடக்கத் தொடங்கிவிட்டான். வீட்டில் இடுப்பு உயரத்துக்குக் கீழே ஒரு பொருளை வைக்க முடியவில்லை, எல்லாமே வாய்க்குள் போகிறது. மதினிக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், அது நல்ல சேதி.

இனி உன் நாலு வரிக்கு வருகிறேன். உன் கறுப்பு ஸ்விஃப்ட் காருக்கு செராமிக் கோட்டிங், அதாவது பெயின்டுக்கு மேல் மெல்லிய ஏடாக இறுகுகிற பூச்சு, நீயே போடப் போகிறாய். மகன் கொண்டுவந்த 30 மில்லி பாட்டில் இரண்டில் ஒன்று பிரிக்காதது. இன்னொன்று போன கிறிஸ்துமஸுக்கு அவன் வண்டிக்குப் போட்டது போக மிச்சம், பாதி இருக்கிறது. "பழசை முதலில் தீர்த்துவிட்டுப் புதுசைத் தொடலாமா?" என்று கேட்கிறாய்.

பழசைத் தொடாதே. ஏன் என்று கேட்பாய். நான் பட்டதைச் சொல்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் என் வண்டிக்குக் கோட்டிங் போட்டபோது எனக்கும் இப்படித்தான் பாதி மிஞ்சியது. விரல் நீளப் பாட்டிலுக்குக் கொடுத்த காசு நினைவுக்கு வந்தது, எறிய மனம் வரவில்லை. மூடியை இறுக்கி ஃப்ரிட்ஜ் கதவில், கொத்தமல்லிச் சட்னிக்குப் பக்கத்தில் வைத்தேன். ஏழெட்டு மாதம் கழித்து மச்சினன் வந்தான். அவன் வண்டியும் கறுப்பு. சும்மா இருக்காமல், "பானட்டுக்கு மட்டும் போட்டுத் தருகிறேன்" என்று பாட்டிலை எடுத்தேன். வெளியே எடுத்ததும் குளிர்ந்த சோடா பாட்டில் மாதிரி வேர்த்தது. அதோடு அப்படியே திறந்தேன். வாயைச் சுற்றி வெள்ளையாகக் கல்லுப்புத் தூள் போல ஏதோ ஒட்டியிருந்தது. உள்ளே திரவம் தெளிவாகத்தானே இருக்கிறது என்று துணியில் ஊற்றித் தேய்த்தேன். இரண்டு இழுப்பு இழுத்த பிறகுதான் கரகரவென்று சத்தம் காதில் விழுந்தது. அந்தத் தூளில் நாலு துகள் துணிக்குள் போயிருக்கிறது. பானட் முழுக்கப் பிறை பிறையாகக் கீறல். வெயிலில் நிறுத்திப் பார்த்தபோது மச்சினன் ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தாலாவது தேவலை. மெஷின் பாலிஷ் போட்டு எடுக்க நான்தான் காசு கொடுத்தேன்.

பிற்பாடுதான் விஷயம் புரிந்தது. இந்தத் திரவம் பெயின்ட் மாதிரி வெறுமனே உலர்வதில்லை. காற்றில் இருக்கிற ஈரத்தோடு வினை புரிந்து இறுகுகிறது. பாலிசிலசேன் என்று ஒரு வகை இருக்கிறது. அதில் சிலிக்கானும் நைட்ரஜனும் கைகோத்து நிற்கும். ஈரம் பட்டதும் நைட்ரஜன் அமோனியாவாகக் கழன்று ஓடிவிடும், அந்த இடத்தில் ஆக்சிஜன் வந்து உட்காரும். மிஞ்சுவது கண்ணாடி இனத்தைச் சேர்ந்த மெல்லிய ஏடு. சில பாட்டிலைத் திறந்ததும் மூக்கைத் துளைப்பது அந்த அமோனியாதான். காரின் மேல் நடக்க வேண்டிய இதே வேலை, மூடியைத் திறந்த நிமிஷத்திலிருந்து பாட்டிலுக்குள்ளும் நடக்கத் தொடங்கிவிடும். நீ உப்பளத்து ஊர்க்காரன். மழைக்காலத்தில் உப்பு ஜாடி மூடியிருந்தும் கசிவதைப் பார்த்து வளர்ந்தவன். உனக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. ஒன்பது மாதம் தூத்துக்குடிக் காற்றில் இருந்த பாட்டிலை நம்பாதே.

அதைத் திறந்து பார்க்கிற ஆசை வந்தாலும் முகத்துக்கு நேராகத் திறக்காதே. ஈரம் புகுந்த பாட்டிலில் வாயு சேர்ந்து புஸ்ஸென்று வரலாம். கலங்கியிருந்தாலோ, தேன் மாதிரி கெட்டியாகியிருந்தாலோ, வாயில் தூள் கட்டியிருந்தாலோ அதோடு அதன் கதை முடிந்தது. தெளிவாகவே இருந்தாலும் கறுப்பு வண்டியில் பரீட்சை வேண்டாம். சாக்கடையிலும் ஊற்றாதே. பழந்துணியில் ஊற்றி, திறந்த வெளியில், நெருப்புக்கு எட்டாத இடத்தில் காயவைத்துவிட்டுக் குப்பையில் போடு.

பிரிக்காத பாட்டிலை இப்போது எங்கே வைத்திருக்கிறாய்? கார் டிக்கியில்தான் இருக்கும், உன்னை எனக்குத் தெரியாதா? இன்றைக்கே எடுத்துவிடு. நம் ஊர் வெயிலில் மூடிய காருக்குள் அடுப்பு மாதிரி கொதிக்கும், பாட்டிலில் இருப்பதோ பெரும்பாலும் தீப்பற்றும் கரைப்பான். லேபிளில் தீச்சுடர் படம் இருக்கிறதா பார். இருந்தால் உன் மகன் அதைப் பெட்டிக்குள் வைத்து விமானத்தில் ஏற்றியதே தப்பு. இனிமேல் செய்ய வேண்டாம் என்று சொல்லி வை. வெயில் படாத, அடுப்பங்கரைக்குத் தூரமான அலமாரியில், நிமிர்த்தி வை. ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் போட்டு, புதுச் செருப்புப் பெட்டியில் வருமே அந்த சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டைக் கூடப் போட்டு மூடினால் நல்லது. ஃப்ரிட்ஜில் வைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். சட்னிக்குப் பக்கத்தில் வைத்த நான் சொல்கிறேன், வேண்டாம். குளிர்ந்த பாட்டிலைத் திறந்தால் ஈரத்தை நாமே உள்ளே கூப்பிடுகிறோம். அதைவிட முக்கியம், இந்தப் பாட்டில் சொட்டு மருந்துக் குப்பி மாதிரியே இருக்கும். கண்ணுக்கா, காதுக்கா என்று யாராவது எடுத்துவிட்டால்? என் பேரன் வந்த பிறகு நான் இவற்றையெல்லாம் பூட்டு போட்ட அலமாரிக்கு மாற்றிவிட்டேன்.

அப்புறம், மருமகனின் பெயின்டிங் ஷெட்டில் வைத்துப் போடுவதாக எழுதியிருக்கிறாய். அவன் பாவம். கோட்டிங்கில் இருக்கிற சிலிக்கோன் சமாச்சாரம் கண்ணுக்குத் தெரியாமல் அங்கங்கே படிந்தால், அவன் அடுத்து அடிக்கிற பெயின்ட் குழி குழியாக ஒதுங்கும். ஃபிஷ் ஐ என்பார்கள், அச்சு அசல் மீன் கண்தான். அவன் பிழைப்பில் மண் போடாதே. உன் வீட்டு ஷெட் போதும்.

பின்கதவு டிங்கரிங் பண்ணிப் புதிதாகப் பெயின்ட் அடித்தது எப்போது? ஒரு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். கம்பெனியில் 140 டிகிரி சூட்டில் சுட்டெடுக்கிற பெயின்ட் வேறு, நம்மூர் பட்டறையில் அடிப்பது வேறு. உள்ளே இருக்கிற கரைப்பான் மெள்ள மெள்ள வெளியேற நாளாகும். அதற்குள் மேலே மூடி போட்டால் அது எங்கே போகும்?

வேலையில் முக்கால்வாசி கோட்டிங்குக்கு முந்தியதுதான். நன்றாகக் கழுவு. இரும்புத் துகளுக்கான ரிமூவர் அடித்தால் ஊதா நிறத்தில் ஒழுகும், அழுகின முட்டை நாற்றம் அடிக்கும், பயப்படாதே. பிறகு க்ளே பார் தேய், ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கிற களிமண் மாதிரிக் கட்டி அது. கீறல் இருந்தால் பாலிஷ் போடு. கோட்டிங் கீறலை மறைக்காது. உள்ளே வைத்துப் பூட்டிவிடும், அவ்வளவுதான். கடைசியாக ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்து பாலிஷ் எண்ணெயைப் போக்கு. வீட்டில் மிச்சமிருக்கிற கொரோனா காலத்து சானிடைசரை எடுத்துவிடாதே, அதில் கிளிசரின் இருக்கும். உன் சிக்கன புத்தி தெரிந்துதான் முன்கூட்டியே சொல்கிறேன்.

கோட்டிங் போடும் நாளில் பானட்டில் கை வைத்தால் சுடக்கூடாது, பனி ஈரமும் இருக்கக்கூடாது. இந்த மாதம் உங்கள் ஊரில் காற்று புழுதியை வாரி இறைக்கும். அது கொஞ்சம் அடங்கி, ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன் ஒரு காலை பார். ஷெட் கதவைத் திறந்து வை, ஆனால் மின்விசிறியை வண்டிப் பக்கம் திருப்பாதே. நைட்ரைல் ரப்பர் கையுறை கட்டாயம். ஒரு தடவை கையுறை இல்லாமல் போட்டு, நகத்தில் இறுகியது நகம் வளர்ந்துதான் போயிற்று. மூக்கில் கட்டுகிற துணி மாஸ்க்கும் ஆஸ்பத்திரி மாஸ்க்கும் கரைப்பான் ஆவியைத் தடுக்காது. கரி வடிகட்டி வைத்த மாஸ்க் பெயின்டர்களிடம் இருக்கும், மருமகனிடம் வாங்கிக்கொள். கண்ணாடியும் போடு. பீடியை வீட்டுக்குள்ளேயே வைத்துவிட்டு வா. தலை சுற்றினால் விட்டுவிட்டு வெளியே வந்து உட்கார்.

சின்னப் பஞ்சுக் கட்டையில் மெல்லிய துணியைச் சுற்றி, ஏழெட்டுச் சொட்டு விட்டு, ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி மட்டும் தடவு. முதலில் நெடுக்கு, அப்புறம் குறுக்கு. லேபிளில் இரண்டடி என்று போட்டிருக்கலாம். அது குளிர்நாட்டுக் கணக்கு. நம் சூட்டுக்கும் ஈரத்துக்கும் அவ்வளவு நேரம் தராது. தடவிய இடத்தில் மழைத் தண்ணீரில் எண்ணெய் மிதப்பது போல வானவில் நிறம் ஓடும். அதுதான் அடையாளம். அப்போது ஒரு மைக்ரோஃபைபர் துணியால் துடை, இன்னொரு சுத்தமான துணியால் மறுபடி துடை. டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பார். எங்காவது திட்டாக நின்றால் அப்போதே துடைத்துவிடு. இறுகிய பிறகு பாலிஷ் மெஷின் இல்லாமல் போகாது. அந்தத் துணிகளைத் துவைத்து மறுபடி காருக்கு எடுக்காதே. காய்ந்தால் அதற்குள்ளும் அதே கல்லுப்புதான். விரித்துப் போட்டு வெளியே உலரவிட்டுத் தூக்கி எறி. சுருட்டி மூலையில் போடாதே.

மீதமானால்? அன்றைக்கே அலாய் வீலுக்கும் கதவுப் படிக்கும் தடவிவிடு. மறுநாளுக்கு என்று எடுத்து வைக்காதே. ஒருவேளை இரண்டாம் கோட்டுக்குச் சில மணி நேரம் வைக்க வேண்டி வந்தால், பாட்டில் வாயையும் மரையையும் துடைத்துவிட்டு உடனே மூடு.

போட்ட பிறகு ஒரு நாள் தண்ணீர் படக்கூடாது, ஒரு வாரம் ஷாம்பு கூடாது. அப்புறம், கோட்டிங்கின் கடினத்துக்குச் சொல்கிற 9எச் என்ற அளவை ஊருக்கெல்லாம் பீற்றிக்கொள்ளாதே. அது வேறொன்றுமில்லை, பென்சில். டிராயிங் வகுப்பில் 2எச் பென்சிலுக்கு நீ என்னிடம் கையேந்தினாயே, அந்த வரிசையில் கடினமான கோடிப் பக்கத்துப் பென்சில்தான் 9எச். அதை 45 டிகிரி சாய்த்துத் தள்ளினாலும் கீறவில்லை என்பதுதான் அந்தச் சோதனை. சாவியாலும் தெருமுனைக் கல்லாலும் கீறாது என்று அதற்கு அர்த்தமில்லை. மொத்தமே ஒன்றிரண்டு மைக்ரான் கனம். தலைமுடியே அறுபது எழுபது மைக்ரான் வரும், யோசித்துக்கொள். தண்ணீர் முத்து முத்தாக உருளும், அழுக்கு சுலபமாகப் போகும், பெயின்ட் மங்குவது குறையும். அதற்கு மேல் எதிர்பார்க்காதே. காக்கா எச்சத்தை அன்றைக்கே கழுவத்தான் வேண்டும். உங்கள் போர் தண்ணீர் முத்தாக நின்று வெயிலில் காய்ந்தால் ஒவ்வொரு முத்தும் ஒரு வெள்ளை வட்டம். கழுவினால் கையோடு துடை. வண்டியின் அடிப்பக்கத்துத் துருவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. உப்புக்காற்றில் நிற்கிற வண்டி, அடியை நல்ல தண்ணீரால் அலசிக்கொண்டே இரு.

தீபாவளிக்கு மதினியையும் கூட்டிக்கொண்டு வா. மச்சினனும் வருவான், அவன் பானட்டை நீயே பார்க்கலாம், இப்போது பளபளவென்று இருக்கிறது. வரும்போது மக்ரூன் வாங்கிக்கொண்டு வா. இந்தத் தடவை அட்டைப் பெட்டியில் வேண்டாம், தகர டப்பாவில் இறுக மூடிக் கொண்டு வா. போன தடவை இங்கே வந்து சேருவதற்குள் நமுத்துப் போயிருந்தது.

உன்,
கணேசன்