மான்ட்கமரியில் பஸ் ஏறாதவர்கள் வேலைக்கு எப்படிப் போனார்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கறுப்பின மக்களின் போராட்டங்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 2020-இல் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீஸ்காரரால் கொல்லப்பட்ட பிறகு எழுந்த அத்தனை பெரிய எழுச்சி ஏன் அடங்கிப்போனது என்று கேட்டுவிட்டு, இன்றைய இளைஞர்களிடம் மார்ட்டின் லூதர் கிங் மாதிரி ஒரு தலைவர் இல்லாததுதான் காரணம் என்று கட்டுரையாளர் முடிக்கிறார். இதை என்னால் ஏற்க முடியவில்லை. கிங்கின் தலைமுறையிடம் இன்றைய இளைஞர்கள் கற்க வேண்டியது நிறையவே இருக்கிறது. அதில் பெரும்பகுதி மேடைக்குப் பின்னால் நடந்த வேலை.

ரோசா பார்க்ஸ் வேலை முடிந்த களைப்பில் பஸ்ஸில் வெள்ளையருக்காக இருக்கையை விட்டு எழ மறுத்தார், ஊரே பொங்கியெழுந்தது என்று கட்டுரை ஒரே வரியில் கடந்துபோகிறது. 1955 டிசம்பர் 1-ஆம் தேதி கைதான பார்க்ஸ், கறுப்பின மக்களின் உரிமைக்காக இயங்கும் என்.ஏ.ஏ.சி.பி. சங்கத்தின் கிளையில், அலபாமா மாநிலத்து மான்ட்கமரி நகரில், பல வருடம் செயலாளராக இருந்தவர். அந்தக் கோடையில்தான் டென்னஸியில் இருந்த, போராட்டக்காரர்களுக்குப் பயிற்சி தரும் ஹைலாண்டர் பள்ளிக்குப் பயிற்சிக்குப் போய் வந்திருந்தார். ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரிப் பேராசிரியை 1954 மே மாதமே மேயருக்குக் கடிதம் எழுதி, பஸ் புறக்கணிப்பு வரக்கூடும் என்று எச்சரித்திருந்தார். பார்க்ஸ் கைதான இரவே அவர் தன் கல்லூரியின் சைக்ளோஸ்டைல் மெஷினில் விடிய விடிய, திங்கட்கிழமை பஸ் ஏறாதீர்கள் என்று பல்லாயிரம் துண்டறிக்கைகளை அடித்துக் கட்டி வைத்தார். மறுநாள் அவை ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்தன. ஞாயிற்றுக்கிழமை பாதிரியார்கள் தேவாலயங்களில் அறிவித்தார்கள். திங்கட்கிழமை பஸ்கள் காலியாக ஓடின. கிங் தலைவராகத் தேர்வானது அதே திங்கட்கிழமைதான். வயது 26, ஊருக்குப் புதியவர். தலைவர் வருவதற்கு முன்பே போராட்டம் தயாராக இருந்தது.

அப்புறம்தான் உண்மையான சோதனை. பஸ் பயணிகளில் முக்கால்வாசிப் பேர் கறுப்பினத்தவர். சமையல் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் தொலைவில் போக வேண்டியவர்கள். ஒருநாள் நடக்கலாம், ஒரு வாரம் நடக்கலாம், அதற்குமேல்? முதலில் கறுப்பின டாக்ஸிக்காரர்கள் பஸ் கட்டணமான 10 சென்ட்டுக்கே ஏற்றிப் போனார்கள். குறைந்தபட்சக் கட்டணம் 45 சென்ட் என்ற பழைய சட்டத்தைக் காட்டி நகர நிர்வாகம் அதை நிறுத்தியது. உடனே சுமார் 300 சொந்தக் கார்களைத் திரட்டி, எந்தத் தெருமுனையில் எத்தனை மணிக்கு ஏறலாம் என்று அட்டவணை போட்டார்கள். 1953-இல் பேட்டன் ரூஜ் நகரில் இதே மாதிரி செய்து பார்த்த பாதிரியார் டி. ஜே. ஜெமிசனிடம் கிங் போனில் யோசனை கேட்டார். கார்களின் இன்ஷூரன்ஸை ரத்து செய்து மடக்கப் பார்த்தபோது லண்டன் லாய்ட்ஸ் மூலமாகப் பாலிசி எடுத்தார்கள். பெட்ரோலுக்குப் பணம்? ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்கார அம்மா பெண்களைச் சேர்த்துக்கொண்டு கோழி வறுவலும் கேக்கும் செய்து விற்று, வாராவாரம் கூட்டத்தில் பணத்தைக் கொட்டினார். வாங்கிச் சாப்பிட்டவர்களில் வெள்ளைக்காரர்களும் உண்டு. பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் எங்கிருந்தும் வரவில்லை என்று சொல்லிவிடுவார்கள், கொடுத்தவர்களின் வேலை போகாமல் இருப்பதற்காக. இப்படித்தான் 381 நாள் தாங்கியது. இதையெல்லாம் படிக்கும்போது எனக்கு இன்னும் மெய்சிலிர்க்கிறது.

ஆரம்பக் கோரிக்கைகளைப் பார்த்தால் இன்றைக்குப் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். மரியாதையாக நடத்துங்கள். வெள்ளையர் முன்னாலிருந்தும் நாங்கள் பின்னாலிருந்தும் வந்த வரிசையில் உட்காருகிறோம். எங்கள் பகுதி வழித்தடங்களில் எங்கள் ஆட்களையும் டிரைவராகப் போடுங்கள். அவ்வளவுதான். இதற்கே நகரம் மறுத்ததால் ஃபிரெட் கிரே என்ற இளம் வழக்கறிஞர், பஸ்களில் பிரித்து உட்கார வைப்பதே செல்லாது என்று பெண்களின் பெயரில் வழக்குப் போட்டார். உச்ச நீதிமன்றம் வரை போய் வென்றது அந்த வழக்குதான்.

கோரிக்கை குறிப்பாக இருக்க வேண்டும் என்பதைக் கிங்கும் அடிபட்டுத்தான் கற்றார். 1961-62-இல் ஜார்ஜியாவின் ஆல்பனி நகரில் எல்லாவிதப் பிரிவினையையும் ஒரே நேரத்தில் எதிர்த்தார்கள். நூற்றுக்கணக்கானோர் சிறை போயும் கையில் எதுவும் மிஞ்சவில்லை. ஏதாவது ஒன்றைக் குறிவைத்திருக்க வேண்டும் என்று கிங்கே பின்னால் சொன்னார். 1963-இல் பர்மிங்ஹாமில் நகர மையக் கடைகளைக் குறிவைத்தார்கள். ஈஸ்டர் வியாபார நேரம். கிங்கின் அமைப்பில் இருந்த வையட் வாக்கர் முன்கூட்டியே அந்தக் கடைகளுக்குப் போய் உணவுப் பகுதியில் எத்தனை இருக்கைகள் என்று எண்ணி வைத்திருந்தார்.

2020-ஐ இதோடு வைத்துப் பாருங்கள். அந்தக் கோடையில் 1.5 கோடி முதல் 2.6 கோடிப் பேர் வரை தெருவுக்கு வந்ததாகக் கருத்துக்கணிப்புகள் காட்டின. கிங் காலத்தில் இந்தக் கூட்டத்தைக் கனவிலும் நினைத்திருக்க முடியாது. லூயிவில் நகரில் பிரியானா டெய்லர் தன் வீட்டிலேயே போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டார். அங்கே மக்கள் கேட்டதில் ஒன்று, கதவைத் தட்டாமல் நுழையும் வாரண்டை ஒழிக்க வேண்டும் என்பது. ஜூன் மாதமே நகர மன்றம் ஒருமனதாகத் தடைச்சட்டம் போட்டது. ஃபிளாய்ட் இறந்த மினியாபொலிஸில் நடந்ததோ வேறு. போலீஸ் துறையையே கலைப்போம் என்று மன்ற உறுப்பினர்களில் பெரும்பாலோர் மேடையேறி உறுதி கொடுத்தார்கள். அதற்குப் பதிலாக என்ன வரும் என்பதை வீடு வீடாகப் புரியவைக்கவில்லை. 2021 நவம்பர் வாக்கெடுப்பில் அந்த மாற்றம் தோற்றது. காவல்துறைச் சீர்திருத்த மசோதா பிரதிநிதிகள் சபையில் இரண்டு முறை நிறைவேறியும் செனட்டைத் தாண்டவில்லை.

தலைவர் வேண்டாம் என்று இன்றைய இளைஞர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. எல்லா பேக்கர் (Ella Baker) என்ற கறுப்பினப் பெண் போராளி அன்றே அதைத்தான் சொன்னார், பலமுள்ள மக்களுக்குப் பலமான தலைவர் தேவையில்லை என்று. ஆனால் அவர் அதைச் சொல்லும் முன் 1940-களில் தெற்கு மாநிலங்களில் ஊர் ஊராகப் போய் என்.ஏ.ஏ.சி.பி. கிளைகளைக் கட்டியிருந்தார். மாணவர்கள் 1960-இல் வெள்ளையருக்கு மட்டுமான உணவுக் கவுன்டர்களில் உட்கார்ந்தபோது அவர்களைக் கூட்டி, யாருக்கும் கீழ்ப்படியாத தனி அமைப்பாக உருவாகச் சொன்னவரும் அவரே. நாஷ்வில் மாணவர்கள் அதற்குப் பல மாதம் முன்பிருந்தே ஜேம்ஸ் லாசன் என்பவரிடம், அடி விழுந்தாலும் திருப்பி அடிக்காமல் தாங்கப் பயிற்சி எடுத்திருந்தார்கள். லாசன் நம் நாக்பூரில் தங்கி சத்தியாகிரகத்தைப் படித்துவிட்டுப் போனவர். வைரலான ஒரு வீடியோ இத்தனையையும் செய்து தந்துவிடாது.

அதே நேரம், பழையவர்களை வைத்து இன்றைய பிள்ளைகளைக் குட்டுவதும் சரியில்லை. 1966-இல் கேலப் எடுத்த கணிப்பில் அமெரிக்கர்களில் 63 சதவீதம் பேருக்குக் கிங் மேல் நல்ல அபிப்பிராயம் இல்லை. அன்றும் அவரைப் பொறுமையில்லாதவர், கலகக்காரர் என்றுதான் சொன்னார்கள். பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்பே 15 வயதில் அதே ஊரில் அதே காரணத்துக்காகக் கைதான கிளாடெட் கோல்வினை அந்தத் தலைவர்கள் முன்னிறுத்தவில்லை. 1963-இல் நடந்த வாஷிங்டன் பேரணியை இரண்டே மாதத்தில் ஏற்பாடு செய்த பேயார்ட் ரஸ்டின், ஓரினச்சேர்க்கையாளர் என்பதால் பின்னால் நிற்க வேண்டியிருந்தது. வெயிலில் கெட்டுவிடும், மயோனைஸ் தடவிய சாண்ட்விச் கொண்டுவராதீர்கள் என்பது வரை யோசித்த மனிதர் அவர். இப்படி ஓரங்கட்டப்பட்டவர்களை முன்னால் நிறுத்தும் விஷயத்தில், மூன்று பெண்கள் தொடங்கிய இன்றைய 'பிளாக் லைவ்ஸ் மேட்டர்' இயக்கம் முன்னோரைத் தாண்டிப் போயிருக்கிறது. கட்டுரை இதைக் குறிப்பிட்டிருக்க வேண்டும்.

கிங்கின் பிறந்தநாளுக்கு நீங்கள் ஒவ்வொரு ஜனவரியும் அவர் படத்தோடு ஒரு பக்கம் வெளியிடுகிறீர்கள். வரும் ஜனவரியில் அந்தப் பக்கத்தை ஜோ ஆன் ராபின்சனுக்கும் எல்லா பேக்கருக்கும் ஜார்ஜியா கில்மோருக்கும் கொடுங்கள். அந்தக் கார் அட்டவணையைப் பற்றி விரிவாக எழுதச் சொல்லுங்கள்.

தங்கள் நீண்டநாள் வாசகி,
தஞ்சாவூர்