பில்லர் பாக்ஸில் தளர்ந்துள்ள நியூட்ரல் இணைப்பைச் சரிசெய்து தரக் கோரும் மனு

அனுப்புநர்
தொழிற்பேட்டையின் பின்வாசல் வரிசைத் தொழிற்கூடத்தார்

பெறுநர்
செயற்பொறியாளர் அவர்கள்,
மின் பகிர்மானக் கோட்டம்

மதிப்பிற்குரிய ஐயா,

பொருள்: பின்வாசல் டிரான்ஸ்ஃபார்மரை ஒட்டிய பில்லர் பாக்ஸைப் பழுதுபார்த்தல் – நான்காவது மனு.

வணக்கம். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் மின்சாரத்தைத் தொழிற்கூடங்களுக்குப் பிரித்துத் தரும் அந்தப் பில்லர் பாக்ஸைத் தாங்கள் அறிவீர்கள். மேற்கு வெயில் முழுவதும் அதன் மீதுதான் விழுகிறது. இரண்டு தொழிற்கூடங்களுக்கென வைக்கப்பட்ட பெட்டியிலிருந்து இன்று ஐந்து தொழிற்கூடங்களுக்குக் கேபிள்கள் போகின்றன. இதைப் பற்றி மூன்று முறை மனு அளித்தும் பதில் வரவில்லை என்பதால், பணிவுடன் மீண்டும் எழுதுகிறோம்.

1. பெட்டிக்குள் நியூட்ரல் லக், அதாவது மின்சாரம் திரும்பும் நியூட்ரல் கேபிளின் முனையை இணைக்கும் உலோகப் பிடி, தளர்ந்து கருகியிருக்கிறது. தளர்ந்த இணைப்பில் ஒரு மில்லி ஓம் தடை இருந்தாலே, 200 ஆம்பியர் ஓடும்போது அந்த ஓர் இடத்தில் மட்டும் 40 வாட் வெப்பம் பிறக்கும். வெப்பத்தால் உலோகம் மேலும் கருக, தடை இன்னும் கூடுகிறது. காற்றோட்டத் துளைகள் தூசியால் அடைபட்டிருப்பதால் அந்த வெப்பம் வெளியேறவும் வழியில்லை.

2. நியூட்ரல் தளர்ந்தால் மூன்று ஃபேஸ்களுக்கு இடையிலான 415 வோல்ட் மாறுவதில்லை; ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையிலான அழுத்தம்தான் ஒரு ஃபேஸில் சரிந்து மற்றொன்றில் ஏறுகிறது. பிற்பகலில் எங்கள் மீட்டர் ஒரு ஃபேஸில் 185 வோல்ட்டும் இன்னொன்றில் 265 வோல்ட்டும் காட்டுகிறது. பார்வையிட வந்த ஊழியர் ஃபேஸுக்கு ஃபேஸ் மட்டும் அளந்து, "வோல்டேஜ் சரியாகத்தானே இருக்கிறது" என்று சொல்லிச் சென்றார். நியூட்ரலை வைத்து அளந்து பாருங்கள் என்று அப்போதே மன்றாடினோம்.

3. எங்களை மிகவும் வாட்டும் துன்பம் இனிச் சொல்லப்போவதுதான். எங்கள் பேனலில் உள்ள 37 கிலோவாட் டிரைவ், அதாவது மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி, மூன்று ஃபேஸில் ஓடுவது. நியூட்ரல் போனாலும் நிற்காது. முழுச் சுமையில் அது ஏறக்குறைய 1,100 வாட்டை வெப்பமாக வெளியிடுகிறது. இரண்டு மீட்டர் உயரமுள்ள மூடிய இரும்புப் பேனலின் சுவர்கள், உள்ளும் வெளியும் எட்டு டிகிரி வேறுபாடு இருக்கும்போது, ஏறக்குறைய 200 வாட்டைத்தான் வெளியேற்றும். மீதியை வெளியே தள்ள மணிக்குச் சுமார் 350 கன மீட்டர் காற்று வேண்டும். அதற்கான ஃபேன்களைக் கணக்கிட்டுத்தான் பொருத்தினோம். ஃபில்டரையும் வாரந்தோறும் சுத்தம் செய்கிறோம். ஆனால் ஃபேன்கள் ஓடுவது ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையில்! வெப்பத்தை உண்டாக்கும் டிரைவ் ஓடிக்கொண்டிருக்க, அதை வெளியேற்ற வேண்டிய ஃபேன் சுழல வலுவின்றித் திணறுகிறது. வேறு ஃபேஸுக்கு மாற்றினோம். அங்கே வோல்டேஜ் ஏறி ஃபேன் சுருளே எரிந்துவிட்டது. பக்கத்துக் கூடத்தின் பேனல் ஏசியும் அப்படித்தான் போயிற்று.

பிறகு என்ன செய்வது? பேனல் கதவைத் திறந்துவைத்து, ஜெனரேட்டரில் ஓடும் பெடஸ்டல் ஃபேனை அதன் முன் நிறுத்துகிறோம். தவறு என்று தெரிந்தே செய்கிறோம், ஐயா. தூசி புகாத பேனல் என்று பணம் கொடுத்து வாங்கியதற்குள், கிரைண்டிங் இடத்திலிருந்து வரும் இரும்புத்தூள் கண்ணெதிரே படிகிறது. மின்சாரம் பாயும் உலோகப் பட்டையான பஸ்பாருக்கு ஒரு முழத் தொலைவில் உதவியாளர் நிற்கிறார். டிரைவின் கெப்பாசிட்டர்களில் ஏறக்குறைய 587 வோல்ட் டிசி மின்னழுத்தம் இருக்கிறது. மெயினை அணைத்த பிறகும் அது இறங்கச் சில நிமிடங்கள் ஆகும். சென்ற வாரம் ஒருவரின் சட்டைக் கை டெர்மினல் மீது உரசியது. அதற்குப் பிறகு அந்தக் கதவு திறந்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் எங்களுக்கு நெஞ்சு படபடக்கிறது. விபத்து நடந்த பின்புதான் பெட்டியைத் திறப்பீர்களா?

4. வேண்டுவது பெரிதல்ல. நியூட்ரல் லக்கை மாற்ற வேண்டும். அலுமினியக் கேபிள் செம்புப் பட்டையில் சேரும் இடத்தில் இரு உலோகங்களையும் கொண்ட பைமெட்டாலிக் லக் போட வேண்டும். ஒரே ஃபேஸில் குவிந்துள்ள சுமையைப் பிரிக்க வேண்டும். பெட்டிக்கு மேல் நிழல் தரும் தகடும் காற்றுத் துளையும் வேண்டும். ஃபியூஸுக்குப் பதிலாகக் கட்டியிருக்கும் கம்பியையும் அகற்ற வேண்டும்.

5. முதலில் லக்கையாவது மாற்றுங்கள். அரை நாள் மின்நிறுத்தம் தேவையென்றால் ஐந்து கூடங்களும் வேலையை நிறுத்தத் தயாராக இருக்கிறோம்.

பிற்பகல் இரண்டு மணிக்கு நேரில் வந்து, நியூட்ரலை வைத்து ஒரே ஒரு முறை அளந்து பார்க்குமாறு மிகுந்த பணிவுடன் மீண்டும் வேண்டுகிறோம். எங்கள் பேனல் கதவுகளை மூடிவைக்க வழிசெய்யுங்கள், ஐயா.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பின்வாசல் வரிசைத் தொழிற்கூடத்தார்

இணைப்பு: முந்தைய மூன்று மனுக்களின் நகல்கள்