போர்ட்டோமரின் பாலத்தில் பார்த்த அம்மாவுக்கு நன்றி

ஸ்பெயினில் சாண்டியாகோ பேராலயத்தில் முடியும் கிறிஸ்தவ யாத்திரைப் பாதையான கமினோ டி சாண்டியாகோவில் நடந்தவர்களுக்குத் தெரியும், வழியெங்கும் முத்திரை வாங்கும் யாத்ரீகர் புத்தகம் கையில் இல்லையென்றால், பாதையின் கடைசிப் பகுதியான காலிசியா மாநிலத்தின் அரசு விடுதிகளில் படுக்கை கிடைக்காது. பிரான்ஸ் எல்லையிலிருந்து ஒரு மாதத்துக்கு மேல் நடந்து சேர்த்த முத்திரைகள் எல்லாம் அதில்தான் இருந்தன. அதைத்தான் சாரியா என்ற ஊரைத் தாண்டி ஒரு காபிக் கடையில் மறந்து வைத்துவிட்டேன். போர்ட்டோமரின் விடுதி வாசலில் பையைத் துழாவியபோதுதான் தெரிந்தது. கண்ணீரே வந்துவிட்டது.

சரி, திரும்பிப் போய்த் தேடலாம் என்று மீன்யோ ஆற்றுப் பாலத்துக்கு ஓடினேன். எதிரே நீங்கள். கொரியாவிலிருந்து வந்த, என் அம்மா வயதுப் பெண்மணி. முழங்காலில் கட்டு, நொண்டி நடை. போகிற ஒவ்வொருவரிடமும் என் புத்தகத்தைக் காட்டிப் பெயரை வாசித்துக் கேட்டுக்கொண்டே வந்தீர்கள்!

யாத்திரையை முடித்ததற்கான சான்றிதழுக்குக் கடைசி 100 கி.மீ. நடந்தால் போதும் என்பதால் சாரியாவிலிருந்து பாதை நிரம்பி வழிகிறது. 2024இல் மட்டும் கிட்டத்தட்ட 5 லட்சம் பேர் சான்றிதழ் வாங்கினார்கள். படுக்கைக்காக விடியுமுன்பே ஓடுகிறார்கள். அந்தக் கூட்டத்தை நான் மனசுக்குள் திட்டிக்கொண்டேதான் நடந்தேன். நீங்களும் அதில் ஒருவர்தான், அம்மா. எனக்காக மெதுவாக நடந்ததில் அன்று உங்களுக்கு அரசு விடுதியில் இடம் கிடைக்காமல் போனதை மறுநாள்தான் கேள்விப்பட்டேன்.

பெயர்கூடக் கேட்கவில்லை. சாண்டியாகோ பேராலயத்து வாசலில் இரண்டு நாள் உங்களைத் தேடினேன். உங்கள் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது, அம்மா?