அம்மா சாப்பிடுவது உங்கள் தாளில் இல்லை

மதிப்பிற்குரிய சத்துணவு ஆய்வுக் குழுவினருக்கு வணக்கம்.

உங்கள் நீரிழிவு உணவு ஆய்வுக்குக் கோலாலம்பூரின் செந்தூலிலிருந்து வந்த ஓர் அம்மாவின் மகள் நான். ஆய்வின் விவரம் உங்களுக்கே தெரியும். கடந்த சனிக்கிழமை நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

முந்தின இரவு எட்டு மணியோடு சாப்பாட்டை நிறுத்தச் சொன்னீர்கள், நிறுத்தினார். காலை ஏழரைக்கெல்லாம் வந்து உட்கார்ந்தார். இரத்தம் எடுக்கும்போது மணி பத்தேகால். 68 வயது, சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர். கை நடுங்குகிறதே என்று நான் போய்க் கேட்டதற்கு, இன்னும் கொஞ்ச நேரம்தான் என்றார்கள். சரி, அதைக்கூட விட்டுவிடுகிறேன்.

அப்புறம் கேள்வித்தாள். மலாயிலும் ஆங்கிலத்திலும்தான் இருந்தது. அம்மாவுக்குத் தெரிந்தது தோட்டத்து மலாய். சந்தையில் மீன் வாங்க அது போதும். போன மாதம் வாரத்துக்கு எத்தனை தடவை, ஒவ்வொரு தடவையும் எத்தனை செண்டோக் (கரண்டி) என்று கணக்குச் சொல்ல அது போதாது. பட்டியலில் நாசி லெமாக் இருந்தது, ரொட்டி சானாய் இருந்தது, மீ கோரேங் இருந்தது. அம்மா பசியாறுவது கேழ்வரகுக் கூழ், இல்லாவிட்டால் புட்டு. இரண்டுமே இல்லை. கேள்வி கேட்ட பிள்ளை பொறுமையானவர், அவரைக் குறை சொல்ல மாட்டேன். பேனாவைக் கன்னத்தில் வைத்துக் கொஞ்சம் யோசித்துவிட்டு, புட்டைப் பலகாரத்துக்கான 'குவே' கட்டத்திலும் கூழை அரிசிக் கஞ்சிக்கான 'புபோர்' கட்டத்திலும் போட்டார். ரசம் 'சூப்' ஆனது. நேற்று முழுக்க என்ன சாப்பிட்டீர்கள் என்று அடுத்த கேள்வி. நேற்று வெள்ளிக்கிழமை, அம்மா சைவம். அந்த ஒரு நாளை மட்டும் எழுதிக்கொண்டார்கள். மற்ற நாள்களின் கருவாட்டுக் குழம்பை யாரும் கேட்கவில்லை.

"நான் சாப்பிடறது எதுவுமே அவங்க தாள்ல இல்லையேம்மா" என்றார் அம்மா, வெளியே வரும்போது.

2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களில் 31.4. இந்த எண்ணைச் சொல்லி எங்களுக்குப் புத்தி சொல்லாதவர்கள் இல்லை. சோற்றைக் குறை என்கிறார்கள். தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், அரைப் பங்கு காய்கறி பழம் என்று படம் ஒட்டியிருக்கிறார்கள். சொம்பில் கூழ் குடிப்பவர் அதை எப்படிப் பங்கு பிரிப்பார்? அதை நீங்கள்தான் ஆராய்ந்து சொல்ல வேண்டும். கூழைக் கூழ் என்றே எழுதாமல் எப்படிச் சொல்வீர்கள்?

ஆகவே கேட்கிறேன்: கேள்வித்தாளைத் தமிழிலும் தாருங்கள். வெறுமனே மொழிபெயர்த்தால் போதாது, எங்கள் வீட்டுச் சாப்பாடு அதில் இருக்க வேண்டும்.

இன்னொன்றும் மனத்தில் கிடக்கிறது. முன்பு உங்கள் வேறோர் ஆய்வுக்கும் அம்மா இரத்தம் கொடுத்தார். என்ன கண்டுபிடித்தீர்கள் என்று இன்றுவரை ஒரு வரி வரவில்லை. ஆய்வில் கலந்துகொண்டவர்கள் விரும்பினால் பொதுவான முடிவுகளைத் தெரிந்துகொள்ள வாய்ப்புத் தர வேண்டும் என்று மருத்துவ ஆய்வு நெறிகளை வகுத்த ஹெல்சின்கி பிரகடனமே 2013 திருத்தத்தில் சொல்கிறது. இதை உங்களுக்கு நான் நினைவூட்டும்படி ஆனதே வருத்தம்தான்.

கோபத்தில் எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அம்மா அடுத்த முறையும் வருவார், "பேரப்பிள்ளைகளுக்காவது உதவட்டும்" என்கிறார். அதற்குள் தமிழில் ஒரு தாள் தயார் செய்துவிடுங்கள். கோயிலுக்கு வரும் அம்மாமார்களோடு உட்கார்ந்து சாப்பாட்டுப் பட்டியல் எழுதித்தர நான் தயார். ஒரு வார்த்தை சொல்லியனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
செந்தூலிலிருந்து ஒரு மகள்