'பார்க்கலாம்' என்ற ஒரு சொல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஹவுசிங் சொசைட்டி கமிட்டிகளின் பாரபட்சம் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை லஞ்சத்தைப் பற்றியே அதிகம் பேசியது. மும்பையில் செம்பூர், மாட்டுங்கா, முலுண்டுப் பக்கம் சொசைட்டி செக்ரட்டரியாக இருப்பவர்களைக் கேட்டால் வேறு சொல்வார்கள். பணத்தோடு யாரும் வருவதில்லை. பொங்கல் விழாவில் முன்னின்று உழைத்தவர் ஒரு சலுகை கேட்டு வருவார். "நம்ம ஊர்க்காரங்களுக்குள்ள இதுகூடச் செய்யக் கூடாதா சார்?" என்பார். மறுநாள் காலை லிஃப்டில் அவர் முகத்தில்தான் விழிக்க வேண்டும்.

பார்க்கிங்கையே எடுத்துக்கொள்வோம். ஹவுசிங் சொசைட்டிகளுக்கான மகாராஷ்டிர மாதிரித் துணைவிதிகளின்படி, இடம் குறைவாகவும் கேட்பவர்கள் அதிகமாகவும் இருந்தால் ஆண்டுதோறும் சீட்டுக் குலுக்கித்தான் ஒதுக்க வேண்டும். பல கட்டடங்களில் முதல் வருடத்தோடு குலுக்கல் நின்றுபோகும். வெயில் படாத மூலை ஒருவருக்கே பட்டா போட்டதுபோல் ஆகிவிடும்.

குலுக்கினாலும் கோளாறு வரும். ஒரு சீட்டு தடித்த தாளாக இருந்தாலோ, மடிப்பு வேறாக இருந்தாலோ கை அதைத் தேடிப் போகும். எல்லாச் சீட்டையும் ஒரே தாளில் வெட்டி, ஃபிளாட் எண் மட்டும் எழுதி, நான்காக மடித்து, உரக்க எண்ணிக்கொண்டே எவர்சில்வர் குடத்தில் போடுங்கள். எடுத்து முடிந்ததும் குடத்தைக் கவிழ்த்து, மிச்சச் சீட்டுகளையும் எல்லார் முன்னிலும் பிரித்துக் காட்ட வேண்டும். பெரும்பாலோர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். 'என் சீட்டு உள்ளேயே இல்லை' என்ற சந்தேகம் இங்கேதான் முளைக்கும்.

யாருக்குத் தகுதி என்ற பட்டியலை ஒரு வாரம் முன்பே நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடுங்கள். நடக்க முடியாதவருக்கு லிஃப்ட் பக்கத்து இடம் தரலாம், தரவும் வேண்டும். ஆனால் அந்த விலக்கைப் பொதுக்குழு முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும். குலுக்கல் முடிந்த பிறகு காட்டும் இரக்கம் வேறொருவரின் இடத்தைப் பிடுங்கிக் கொடுப்பதுதான்.

அடுத்தது மெயின்டனன்ஸ் பாக்கிக்கான வட்டி. 2014-ஆம் ஆண்டு மாதிரித் துணைவிதிகளின்படி, பொதுக்குழு நிர்ணயிக்கும் வட்டி ஆண்டுக்கு 21 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, அதுவும் தனிவட்டி. மெயின்டனன்ஸ் மாதம் 4,000 ரூபாய் என்று வையுங்கள். வருடம் முழுக்கக் கட்டாதவருக்கு, ஒவ்வொரு மாத பாக்கிக்கும் அந்த மாதம் முதல் தேதியிலிருந்து 21 சதவீதம் போட்டால் வருடக் கடைசியில் வட்டி மட்டும் 5,460 ரூபாய் வரும். கமிட்டி தன்னிஷ்டத்துக்குத் தள்ளுபடி செய்தால், அதே வருடம் பத்து நாள் தாமதித்து வட்டி கட்டிய விதவை அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது? வட்டியைப் போட்டது பொதுக்குழு. குறைப்பதும் அங்கேயே நடக்கட்டும்.

கமிட்டி உறுப்பினரின் சொந்த விஷயம் பேசப்படும்போது அவர் அறையில் இருக்கக் கூடாது என்பதும் விதிதான். 'ஓட்டுப் போடவில்லை' என்றால் போதாது. எதிரே அவர் உட்கார்ந்திருந்தால் யார் வாயைத் திறப்பார்கள்? எழுந்து போனதையும் திரும்பி வந்ததையும் மினிட்ஸில் குறியுங்கள்.

செக்ரட்டரிகள் மாட்டிக்கொள்வது 'பார்க்கலாம்' என்ற சொல்லில். சங்கடத்தைத் தவிர்க்கச் சொல்கிறோம். கேட்டவர் 'சரி என்றுவிட்டார்' என்று வீட்டில் போய்ச் சொல்கிறார். அதற்குப் பதில், "எழுதிக் கொடுங்க, அடுத்த கமிட்டியில படிக்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். முக்கால்வாசிப் பேர் எழுதித் தரவே மாட்டார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
செம்பூர், மும்பை