2024–25 ஆண்டறிக்கை: பதவி உயர்வுகளும் அவற்றால் சங்கத்துக்கு நேர்ந்த பணிகளும்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, வேளச்சேரியில் அமைந்துள்ள நம் அடுக்ககத்தின் வீட்டு உரிமையாளர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். 2024 ஏப்ரல் 1 முதல் 2025 மார்ச் 31 முடிய நம் நலச் சங்கம் ஆற்றிய பணிகளை இப்பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். சம்ப்பைத் தூர்வாரியது, லிஃப்ட்டின் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பித்தது, மொட்டைமாடிக்கு வெள்ளை ஓடு பதித்தது ஆகியவை பொருளாளரின் கணக்கறிக்கையில் ரூபாய் பைசாவோடு இடம்பெற்றிருப்பதால் அவற்றை இங்கே திரும்பச் சொல்லவில்லை. செயற்குழுவின் நேரத்தை விழுங்கியது வேறொரு பணி. சென்ற ஆண்டு அப்ரைசல் கடிதங்கள் வந்து சேர்ந்த பருவத்தில் நம் வளாகத்தின் நான்கு வீடுகளில் கணவருக்கோ மனைவிக்கோ பதவி உயர்வு கிடைத்தது. நிறுவனம் உயர்த்தியது வீட்டுக்கு ஒருவரைத்தான் என்றாலும், வளாகத்துக்குள் வரும்போது அவ்வுயர்வு குடும்பம் முழுவதற்கும் பொருந்துவதாக ஆகிவிட்டது. அதனால் எழுந்த விண்ணப்பங்கள், முறையீடுகள், மனத்தாங்கல்கள் ஆகியவற்றைக் குழு எவ்வாறு கையாண்டது என்பதே இவ்வறிக்கையின் பொருள்.

முதல் விண்ணப்பம் ஜூன் மாதம் பி-7 வீட்டிலிருந்து வந்தது. நுழைவாயிலில் தபால் பெட்டிகளுக்கு மேலே உள்ள பெயர்ப் பலகையில், குடும்பத் தலைவரின் பெயருக்குக் கீழ் ‘சீனியர் வைஸ் பிரசிடெண்ட், குளோபல் டெலிவரி’ என்று சேர்க்க வேண்டும் என்பது கோரிக்கை. விண்ணப்பத்தில் கையெழுத்திட்டிருந்தவர் பதவி உயர்வு பெற்றவர் அல்லர், அவருடைய துணைவியார். பலகையில் ஒரு வீட்டுக்கு ஒதுக்கிய பட்டை ஓரடி நீளமே இருப்பதால், பெயரை எழுதினால் பதவிக்கு இடமில்லை, பதவியை எழுதினால் பெயருக்கு இடமில்லை என்று ஸ்டிக்கர் வெட்டும் கடைக்காரர் அளந்து பார்த்துச் சொன்னார். பெயரை முதலெழுத்தாகச் சுருக்கிக்கொள்ளலாம் என்று அம்மையார் பெருந்தன்மையோடு இசைந்ததால் சிக்கல் தீர்ந்தது. இப்போது அந்தப் பட்டையில் ஓர் எழுத்தும் ஒரு புள்ளியும் ஒரு பதவியும் இருக்கின்றன; கூரியர் கொண்டுவரும் இளைஞர்கள் அவ்வீட்டைக் கண்டுபிடிக்கக் காவலாளியிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

இதைக் கண்ட ஏ-2 வீட்டார் தங்கள் பட்டையில் ‘டைரக்டர்’ என்று சேர்க்கக் கேட்டனர். அங்கேதான் குழு எதிர்பாராத சுழலில் மாட்டிக்கொண்டது. ஏ-2 குடும்பத் தலைவர் பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள ஒரு வெளிநாட்டு வங்கியின் தொழில்நுட்ப மையத்தில் பணிபுரிகிறார். அத்தகைய வங்கிகள் பலவற்றின் படிவரிசையில் வைஸ் பிரசிடெண்டுக்கு மேலே டைரக்டர் இருக்கிறார். மென்பொருள் நிறுவனங்கள் பலவற்றிலோ டைரக்டருக்கு மேலேதான் வைஸ் பிரசிடெண்ட். ஆகவே இவ்விரு குடும்பங்களும் தத்தம் கணக்கின்படி மற்றவரைவிட ஒரு படி மேலே இருக்கின்றன. இரண்டு கணக்கும் சரி என்பதுதான் குழுவுக்கு வாய்த்த சோதனை. பொங்கல் விழாவில் முன்வரிசையின் நடு நாற்காலி யாருக்கு என்ற கேள்வி ஜூலை மாதமே எழுந்துவிட்டது. இதை ஆராய மூவர் துணைக்குழு அமைக்கப்பட்டது. துணைக்குழுவின் தலைவராகத் தம்மை ஏன் நியமிக்கவில்லை என்று இரு வீட்டாரும் கேட்டனர்.

ஏ பிளாக்கின் தரைத்தளத்தில் வசிக்கும், நிறுவனச் செயலராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற மூத்த உறுப்பினர் ஒருவர், பஞ்சாயத்தை முடித்துவைக்கும் நல்லெண்ணத்தோடு 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கூட்டத்துக்கு வந்தார். முதன்மை நிர்வாகப் பொறுப்பாளர்கள் யார் என்று வரையறுக்கும் பிரிவு 2(51)இல் தலைமைச் செயல் அலுவலர், நிர்வாக இயக்குநர், மேலாளர், நிறுவனச் செயலர், முழுநேர இயக்குநர், தலைமை நிதி அலுவலர் ஆகியோர் பெயர் சொல்லிக் குறிக்கப்படுகிறார்கள் என்றும், வைஸ் பிரசிடெண்ட் என்ற சொல்லே அங்கு இல்லை என்றும், டைரக்டர் என்றால் இயக்குநர் குழுவில் நியமனம் பெற்று மத்திய அரசின் இயக்குநர் அடையாள எண்ணை வைத்திருப்பவர் என்றும் அவர் நிதானமாக விளக்கினார். அதுவரை ஒருவர் முகத்தை ஒருவர் பாராதிருந்த இரு அம்மையார்களும் அந்தக் கணத்தில் ஒன்றுபட்டனர். “செக்ரட்டரின்னா டைப் அடிக்கிறவர்தானே?” என்று அவர்களுள் ஒருவர் கேட்டது குறிப்பேட்டில் பதிவாகியுள்ளது. கூட்டத்தில் இன்னொரு செயலாளரும் இருந்தார் என்பதை அவர் கவனிக்கவில்லை; நானும் கவனப்படுத்தவில்லை. அர்த்தராத்திரியில் பிடிக்கப்படும் குடை பற்றி வேறோர் உறுப்பினர் கூறிய பழமொழி, தலைவரின் உத்தரவுப்படி குறிப்பேட்டிலிருந்து நீக்கப்பட்டது.

அடுத்தது கார். பி-7 வீட்டுக்கு நிறுவனத்தின் பெயரில் ஒரு பெரிய வண்டியும் அதற்கு ஓர் ஓட்டுநரும் வந்து சேர்ந்தனர். கட்டடத்தின் அடியில் தூண்களுக்கு இடையே உள்ள நம் ஸ்டில்ட் பார்க்கிங் கட்டங்கள் இரண்டரை மீட்டர் அகலமும் ஐந்து மீட்டர் நீளமும் கொண்டவை. வண்டியோ ஐந்து மீட்டரைத் தாண்டியது. அதன் மூக்கு நடைபாதையில் நீண்டு நிற்பதால் பால் போடுபவர் சைக்கிளைச் சாய்த்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது என்பது ஒரு புகார்; பக்கத்துத் தூணைச் சற்று நகர்த்தித் தர முடியுமா என்பது வண்டிக்காரர் தரப்பின் கோரிக்கை. தூணை நகர்த்தினால் மேலே இருக்கும் நான்கு வீடுகளும் நகரும் என்று பொறியாளர் எழுத்து மூலம் தெரிவித்த பிறகே அக்கோரிக்கை கைவிடப்பட்டது. அதற்கு மாற்றாக, பதவிக்கேற்ப இரண்டாவது கட்டம் ஒன்றை விலைக்குத் தர வேண்டும் என்று கேட்டனர். திறந்தவெளி, ஸ்டில்ட் பார்க்கிங் இடங்களைத் தனியாக விற்க முடியாது, அவை பொது இடமே என்று 2010ஆம் ஆண்டில், மகாராஷ்டிரச் சட்டத்தின் கீழ் எழுந்த ஒரு வழக்கில், உச்ச நீதிமன்றம் கூறியிருப்பதைக் குழு எடுத்துக்காட்டியது. நம் பத்திரங்களில் உள்ள பிரிக்கப்படாத மனைப்பங்கு, உரிமையாளரின் பதவி உயர்வதால் ஒரு சதுர அடிகூட வளர்வதில்லை என்பதையும் பணிவோடு தெரிவித்தது. சொந்த வேலைக்கும் அலுவலக வேலைக்கும் பயன்பட்டு, ஓட்டும் செலவையும் நிறுவனமே ஏற்கும் காருக்கு, அறிக்கை ஆண்டில் நடைமுறையில் இருந்த வருமான வரி விதிப்படி, 1.6 லிட்டருக்கு மேற்பட்ட எஞ்சின் என்றால் மாதம் 2,400 ரூபாயும், ஓட்டுநருக்கு மாதம் 900 ரூபாயும் சலுகையின் மதிப்பாகக் கொள்ளப்பட்டன. ஓட்டுநரால் ஒரு குடும்பத்துக்குக் கிட்டும் மதிப்பை 900 ரூபாய் என்று நிர்ணயித்த அதிகாரிகள் எந்த அடுக்ககத்திலும் குடியிருந்திருக்க மாட்டார்கள் என்பது என் சொந்தக் கருத்து.

அக்டோபர் 15 அன்று பெய்த பெருமழையின்போது, வேளச்சேரிவாசிகள் எல்லாரையும் போல நம்மவர்களும் வெள்ளத்துக்குப் பயந்து வண்டிகளை மேம்பாலத்தின் மேல் கொண்டுபோய் நிறுத்தினர். அங்கே பதவியோ கட்டமோ கிடையாது. முன்னால் போனவருக்கு முன்னிடம். மேற்படி வண்டி, சி பிளாக்கில் சமையல் வேலை செய்யும் பெண்ணின் மகனுடைய பழைய ஆட்டோவுக்குப் பின்னால் இரண்டு நாள் நின்றது. இது குறித்தும் சங்கத்துக்கு ஒரு கடிதம் வந்தது. மேம்பாலம் சங்கத்தின் எல்லைக்கு அப்பாற்பட்டது என்று பதில் அனுப்பினோம்.

விளிப்பு முறையில் ஏற்பட்ட மாற்றத்தையும் பதிவுசெய்ய வேண்டும். பணிப்பெண்கள், காவலாளிகள், இஸ்திரிக்காரர் ஆகியோர் இதுநாள்வரை ‘அக்கா’ என்று அழைத்துவந்ததை நிறுத்தி, இனி ‘மேடம்’ என்றே அழைக்க வேண்டும் என ஏ-2 வீட்டிலிருந்து வாய்மொழி உத்தரவு வந்தது. மற்றவர்கள் அப்படியே ஏற்றுக்கொண்டனர். இஸ்திரிக்காரரும் ஏற்றுக்கொண்டார், மாதக் கடைசியில் துணிக் கணக்கில் தொகை கூடியிருந்தது. முறையீடு குழுவுக்கு வந்து அவரை அழைத்து விசாரித்தபோது, கரிப்பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, “அக்கான்னா உருப்படிக்குப் பத்து ரூவா சார், மேடம்னா பன்னெண்டு. வெளியில அப்பிடித்தான் வாங்குறாங்க” என்றார். அவர் சொன்னதில் விதிமீறல் எதுவும் இருப்பதாகக் குழுவுக்குத் தோன்றவில்லை. இரண்டே வாரங்களில் அவருக்கு மட்டும் விதிவிலக்கு அளிக்கப்பட்டு, இஸ்திரி வண்டியருகே அம்மையார் மீண்டும் அக்காவானார்.

பெண்கள் மட்டுமே இவ்வாறு நடந்துகொள்வதாக எவரும் கருதிவிடக் கூடாது. டி-4 வீட்டில் பதவி உயர்வு பெற்றவர் மனைவி, உயர்ந்தவர் கணவர். விருப்ப ஓய்வு பெற்று வீட்டிலிருக்கும் அவர், “நாங்க இப்ப ஏஷியா பசிபிக் முழுக்கப் பார்த்துக்கறோம்” என்று கீரைக்கார அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்ததை நானே கேட்டேன். அந்த அம்மா அரைக்கீரைக் கட்டைப் பிரித்துக் காட்டி, “அதுக்கென்ன சாமி, பூச்சி இல்லாம இருக்கான்னு இதையும் பாத்துக்க” என்றார். மனைவியைப் பார்க்க வரும் அலுவலகத்தினரை முதலில் தாம் அரைமணி நேரம் சந்தித்துப் பேசிய பின்னரே உள்ளே அனுப்புகிறார் என்று கேள்வி. அந்த அம்மையாரோ ஒவ்வொரு மாதமும் முதல் தேதியன்று பராமரிப்புக் கட்டணத்தைக் கைபேசி வழியே அனுப்பிவிட்டு, வேறெதற்கும் சங்கத்தின் பக்கம் வராதவர்.

சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் வாழ்த்துச் செய்திகள் பற்றியும் ஒரு வார்த்தை. தண்ணீர் லாரி வரும் நேரத்தை அறிவிப்பதற்காக ஏற்படுத்தப்பட்ட அக்குழுவில், டி-4 பதவி உயர்வுச் செய்தி வந்த காலையில் பூங்கொத்துகளும் கைதட்டல்களும் குவிந்தன. ‘லாரி வந்துவிட்டது, சம்ப் மூடியைத் திறக்கவும்’ என்று காவலாளி அனுப்பிய செய்தி அவற்றின் அடியில் புதைந்து, மோட்டார் அறைச் சாவியை வைத்திருந்தவர் கண்ணில் படவில்லை. ஓட்டுநர் காத்திருந்து பார்த்துவிட்டு லாரியைத் திருப்பிக்கொண்டு போனார். அன்று மாலை எல்லா வீடுகளிலும் சமமாகத் தண்ணீர் இல்லை. வாழ்த்தியவர்களின் பட்டியலைச் சரிபார்த்து, வாழ்த்தாதவர்களுக்கு நினைவூட்டும் பொறுப்பைச் சங்கம் ஏற்க வேண்டும் என்ற ஆலோசனையைக் குழு ஏற்கவில்லை. நவராத்திரியில் தாம்பூலப் பையின் மேல் கணவரின் பதவியை அச்சிட்டுக் கொடுத்தது அவரவர் சொந்தச் செலவு என்பதால் அதில் சங்கம் தலையிடவில்லை, அவ்வளவே சொல்லலாம்.

நம் வளாகத்தைத் ‘தரம் உயர்த்தும்’ நோக்கத்தோடு, பராமரிப்புக் கட்டணத்தை இரு மடங்காக்கி, லிஃப்ட்டில் நறுமணமும் வரவேற்பறையில் தோல் சோபாவும் அமைக்க வேண்டும் என்று பி-7, ஏ-2 வீட்டார் கூட்டாக முன்மொழிந்தனர். மாதக் கட்டணம் வீட்டுக்கு 7,500 ரூபாயைத் தாண்டி, சங்கத்தின் ஆண்டு வரவும் 20 லட்சத்தைத் தாண்டினால் 18 விழுக்காடு ஜிஎஸ்டி செலுத்த நேரும் என்று பொருளாளர் எச்சரித்தார். அதைக் கட்டத் தங்களுக்குச் சிரமமில்லை என்று பதில் வந்தது. பொருளாளர் வேறெதுவும் பேசாமல் நிலுவைப் பட்டியலை வாசித்தார். முன்மொழிந்த இரு வீடுகளின் எண்களும் அதில் முதல் இரண்டு வரிகளில் இருந்தன. முன்மொழிவு வாக்கெடுப்புக்கு விடப்படவில்லை.

பதவி உயர்வு பெற்றவர்களைப் பற்றி எதுவும் சொல்லாவிட்டால் அறிக்கை முழுமையாகாது. அவர்களை அநேகமாக யாரும் பார்ப்பதில்லை. பி-7 குடும்பத் தலைவர் இரவு பதினொன்றரை மணிக்குக் காதில் ஹெட்செட்டோடு அமெரிக்காவுடன் பேசியபடி குப்பைக் கூடையைக் கொண்டுவந்து கொட்டுவார். ஈரக் குப்பையையும் உலர் குப்பையையும் சரியாகப் பிரித்துப் போடும் வெகு சிலரில் அவர் ஒருவர். ஒருநாள் அழைப்பை மியூட்டில் வைத்துவிட்டு என்னருகே வந்து, “சார், அந்த ஸ்டிக்கரை எடுத்துட முடியுமா? எங்க டீம் பையன் ஒருத்தன் பக்கத்துத் தெருவுக்குக் குடிவந்திருக்கான், பார்த்தா ஓட்டுவான்” என்றார். விண்ணப்பித்தவரே எழுத்து மூலம் திரும்பப் பெற வேண்டும் என்ற விதியை நினைவூட்டினேன். அவர் மாடியை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். பிறகு அழைப்புக்குத் திரும்பிவிட்டார். இதனிடையே, ஒரு வீட்டில் பதவி ‘மறுசீரமைப்பில்’ போய்விட்டதாகத் தெரிந்தது. எந்த வீடு என்று குழு குறித்துக்கொள்ளவில்லை; காவலாளிகளும் சலாம் வைப்பதை நிறுத்தவில்லை.

இப்பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு இரண்டு தீர்மானங்களை வைக்கிறோம். பெயர்ப் பலகையில் பெயரும் கதவு எண்ணும் மட்டுமே இருக்கும் என்பது ஒன்று. பொங்கல் விழாவின் முன்வரிசை நாற்காலிகள் வயதையும் முழங்கால் வலியையும் மட்டுமே கருதி ஒதுக்கப்படும் என்பது மற்றொன்று. இவ்வாண்டு துணைக்குழு முடிவுக்கு வருவதற்குள் பாட்டிமார் மூவர் அந்த வரிசையில் அமர்ந்து, விழா முடியும்வரை எழுந்திருக்கவில்லை என்பதே இதற்கு முன்னுதாரணம்.

வரும் ஆண்டுக்கான நிர்வாகிகள் தேர்தலில் செயலாளர் பதவிக்கு மனு எதுவும் வரவில்லை. தலைவர் பதவிக்கு நான்கு மனுக்கள் வந்துள்ளன; நான்கும் மேலே குறிப்பிட்ட நான்கு வீடுகளிலிருந்து. நிலுவை உள்ளவர்கள் போட்டியிட முடியாது என்பதால், இரு வீடுகளின் பாக்கி முழுவதும் மனுத் தாக்கலுக்கு முந்தின இரவே வந்து சேர்ந்தது. பொருளாளர் இதைத் தம் பணிக்காலத்தின் சாதனையாகக் கருதுகிறார். நான்கு மனுக்களையும் முன்மொழிந்திருப்பவர்கள் வேட்பாளர்களின் வாழ்க்கைத் துணைவர்கள். வேட்பாளர்களில் இருவர் அலுவலகப் பயணமாக வெளியூரில் இருப்பதால், தாங்கள் போட்டியிடும் செய்தியை இக்கூட்டத்தின் குறிப்பேட்டைப் படித்தே அறிந்துகொள்ளக்கூடும். இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்