சீருடையைக் கழற்றப் போகிறவனுக்கு

அன்புள்ள செல்வம்,

நைட் ஷிஃப்டில் மாட்டிக்கொண்டதால் உனக்கு உடனே பதில் போட முடியவில்லை. என் பெரியவளுக்கு ஜேசி (ஜூனியர் காலேஜ்) கிடைத்ததில் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம், அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, உன்னை ரொம்பக் கேட்டார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் பாய லேபார் விமானப்படைத் தளம் 2030களில் எப்படியும் இடம் மாறத்தான் போகிறது, அதற்கு முன்னாலேயே படையை விட்டுக் கிளம்பிவிடலாமா என்று கேட்டிருந்தாய். கிளம்பு. ஆனால் வெளியே உன் எம்இ3 என்கிற ராணுவ நிபுணர் பதவி செல்லாது. என் முதல் இன்டர்வியூவில் அந்தப் பெண்மணி ரெஸ்யூமேயைப் புரட்டிவிட்டு, "எம்இ3 என்றால் டெக்னீஷியனா?" என்றார். அன்றைக்கே பதவியையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, ஒரு ஷிஃப்டில் எத்தனை பேரை வைத்து வேலை வாங்கினேன், விடிந்தால் பறக்க வேண்டிய விமானத்தில் ராத்திரி கோளாறு கண்டால் யார் முடிவெடுத்தது என்று எழுதினேன், அதற்கப்புறம்தான் போன் வர ஆரம்பித்தது.

லைசென்ஸ்தான் பெரிய தலைவலி. எஃப்-15 இன்ஜினைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டுகிறவனாக இருந்தாலும், சிஏஏஎஸ் (சிங்கப்பூர் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம்) கொடுக்கும் எஸ்ஏஆர்-66 பராமரிப்பு லைசென்ஸ் இல்லாமல் ஒரு ஏ320 பயணிகள் விமானத்தைப் பறக்கலாம் என்று கையெழுத்துப் போட முடியாது. இன்ஜின் பக்கம் என்றால் பி1, ஏவியானிக்ஸ், அதாவது மின்னணுக் கருவிகள் பக்கம் என்றால் பி2, ஒவ்வொரு பாடத்துக்கும் பரீட்சை, அதோடு பயணிகள் விமானத்தில் வேலை செய்த அனுபவமும் காட்ட வேண்டும். வேலையில் மனிதர்கள் செய்யும் தவறுகளைப் பற்றிய ஹியூமன் ஃபாக்டர்ஸ் பேப்பர் நமக்குத் தண்ணி பட்ட பாடு, சட்ட விதிகள்தான் புதுசு. ஸ்பேனரைக் கைவிட மனசில்லை என்றால் பரீட்சை எழுது. என்னைக் கேட்டால் உன் வயசுக்கு பிளானிங், குவாலிட்டி பக்கம் போவதுதான் புத்திசாலித்தனம். 40 தாண்டியவர்களுக்கு 2024 மே மாதம் படிப்புச் செலவுக்கென்று அரசாங்கம் கொடுத்த 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பணம் சும்மாதானே கிடக்கிறது? எந்தப் படிப்புக்குச் செல்லும் என்று மட்டும் பார்த்துக்கொள், எல்லாவற்றுக்கும் செல்லாது.

டூல் பெட்டியில் ஒரு சாக்கெட் காணோம் என்றால் அது கிடைக்கும்வரை விமானத்தை நகர்த்தாத பழக்கம் இங்கேயும் இருக்கிறது, ஆனால் தேடிக்கொண்டிருக்கும்போதே ஏர்லைன்காரன் பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் போன் போட்டு உயிரை வாங்குவான்! அதைவிடக் கஷ்டம் ஆட்களை மேய்ப்பது. முகாமில் 'எக்ஸ்ட்ரா' (தண்டனையாகக் கூடுதல் டியூட்டி) என்று ஒரு வார்த்தை சொன்னால் பையன்கள் ஓடி வருவார்கள், இங்கே அப்படிச் சொன்னால் ஒரு மாத நோட்டீஸைக் கொடுத்துவிட்டுப் பக்கத்து ஹேங்கருக்குப் போய்விடுவான். திருச்சிப் பையன் ஒருவன் ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்ட் வேண்டவே வேண்டாம் என்று முறைத்துக்கொண்டு நின்றான். கோப்பிக்கடையில் தேதாரிக் டீ வாங்கிக் கொடுத்துப் பேசியதில்தான் தெரிந்தது, அன்றைக்குத்தான் ஊரில் இருக்கும் குழந்தை வீடியோ காலில் வருமாம். சனிக்கிழமைக்கு மாற்றினேன், இப்போது யாராவது லீவு போட்டால் அவனே வந்து நிற்கிறான்.

சம்பளம் பேசும்போது பேசிக் எவ்வளவு, ஷிஃப்ட் அலவன்ஸ் எவ்வளவு என்று தனித்தனியாகக் கேள், மொத்தமாக ஒரு தொகையைச் சொன்னால் தலையாட்டிவிடாதே. ரெஸ்யூமேயை அனுப்பு, இந்த வாரம் எனக்குப் பகல் ஷிஃப்ட்தான்.

அன்புடன்,
ரவி